நினைவிலிருந்து வரைந்த வீடுகள்

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் 'கண்காட்சி' என்றால் கல்யாண மண்டபத்தில் தள்ளுபடி விலைக்குப் பாத்திரமும் சேலையும் விற்பதுதான் நம் குடும்பங்களின் நினைவுக்கு வரும். ஓவியம் பார்க்கப் போகும் வழக்கம் நமக்கில்லை. அதனாலோ என்னவோ, யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் பணி நம்மிடையே பேசப்படவே இல்லை. பேசியிருக்க வேண்டும், அதில் நம் சமுதாயத்தின் கதையும் இருக்கிறது.

இலங்கையில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேட்டுக்குத் 'தோம்பு' என்று பெயர். சனாதனன் 2011-ல் வெளியிட்ட நூலின் பெயர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முற்றுப்பெறாத தோம்பு. போரில் வீடிழந்த தமிழர், முஸ்லிம்கள் என 80 பேரிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அந்தக் கைவரைபடம், அதையொட்டிக் கட்டடக் கலைஞர் போட்ட வரைபடம், ஓவியர் தீட்டிய படம் என்று அரசு அலுவலகக் கோப்பு போலவே நூல் விரிகிறது.

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைக்குத் தன் பாட்டனார் வீட்டு முற்றம் எந்தத் திசை பார்த்தது என்று எந்தப் பத்திரம் சொல்லும்?

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். வாசலும் கிணறும் காட்டும் வீட்டு வரைபடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2012-ல் முதல் கொச்சி பினாலேயில் சுபோத் குப்தா ஒரு பழைய படகு நிறைய வீட்டுச் சாமான்களை ஏற்றி வைத்தார். வளைகுடாவிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்திறங்கும் நம் வீடுகளுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. சாமான் சேரச் சேர ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்புகிறோம். இடிக்கும் முன் அதை ஒரு தாளில் வரைந்து வைத்தவர் எத்தனை பேர்?

இது வெறும் ஏக்கமல்ல. 2025 வக்ஃப் திருத்தச் சட்டம், நீண்டகாலப் பயன்பாட்டாலேயே ஓர் இடம் வக்ஃபாகும் என்ற விதியை இனிமேலுக்கு நீக்கிவிட்டது. 'உமீத்' இணையதளத்தில் பதிவு செய்ய விவரமும் ஆவணமும் கேட்கிறார்கள். கைவரைபடம் சட்டத்தின் முன் பத்திரமாகாது, உண்மைதான். ஆனால் பத்திரத்தைத் தேடிப் போகிறவருக்கு அது வழிகாட்டும்: கப்ருஸ்தானுக்குக் கிழக்கே யார் கொல்லை இருந்தது, பள்ளிவாசல் கிணற்றை வெட்டிக் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

நம் ஜமாஅத்துகள் மீலாது மேடைக்குச் செலவழிப்பதில் சிறு பங்கு இதற்குப் போதும். மக்தப் பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அனுப்பலாம். வரைந்து வந்ததைப் பள்ளி வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். பெண்கள் வந்து பார்க்க ஒரு பகல் பொழுதை ஒதுக்க வேண்டும். அடுக்களையும் கொல்லையும் எங்கே இருந்தன என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.