முடிவே இல்லாத பக்கம்

"அந்தப் போனை ஓரமா வெச்சுட்டுப் படி" என்று சொல்லாத அம்மா யார் வீட்டிலாவது உண்டா? அவங்க சொல்றது சரிதான். ஆனா ஒரு விஷயம் விட்டுப்போகுது. நம்ம மனஉறுதியை மட்டுமே எல்லாரும் குறை சொல்றாங்க. திரைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு யாரும் கேட்கிறதில்லை.

முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தலாமா, போதுமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். 2006-இல் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பட்டனே தேவைப்படாத 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்' முறையை உருவாக்கினார். பயன்படுத்துறவங்களுக்கு வேலை மிச்சம் என்று நினைத்துச் செய்தது. அது மக்களின் நேரத்தை விழுங்குவதைப் பார்த்து, பின்னாளில் அவரே வருத்தப்பட்டுப் பேசினார்.

இதோட உளவியல் ரொம்பப் பழசு. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தியது. நாம ரீல்ஸ் தள்ளுவதும் அதேதான். பத்து மொக்கை, பதினொன்றாவது சூப்பர். அந்தப் பதினொன்று எப்போ வரும்னு தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை.

தடை போட்டால் தீருமா? 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக்கை இந்தியா தடை செய்தது. காரணம் வேறு, பாதுகாப்பு. ஆனா ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டு வந்துவிட்டது. கடை மாறியது, பழக்கம் மாறலை.

இழப்பு நமக்கு மட்டும் இல்லை. மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து குனிந்த தலையோடு சாப்பிடுறோம். ராத்திரி தூக்கம் போகுது, காலையில் முதல் பீரியடும் போகுது. ஊருக்குப் போனால் தாத்தா கேட்கிற கேள்விக்கு "ம்ம்" மட்டும்தான் பதில்.

கை மீறிப் போனவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், வீடியோ கேம் அடிமைத்தனமும் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி கிளினிக் நடக்குது. அவங்களுக்குத் தேவை திட்டு இல்லை, சிகிச்சை.

மற்றவங்களுக்கு என் யோசனை எளிமையானது: பிடுங்கப்பட்ட அந்த 'அடுத்த பக்கம்' பட்டனை நீங்களே திரும்ப வையுங்க. நோட்டிபிகேஷனை அணைங்க. சார்ஜரைக் கட்டில் பக்கத்திலிருந்து தள்ளி மாட்டுங்க. திரையைக் கருப்பு வெள்ளையாக மாத்துங்க. எல்லாமே சின்னச் சின்னத் தடங்கல்கள்தான். யோசிக்கிற அந்த ஒரு நொடியை அவை திருப்பித் தரும்.

கடைசியா ஒண்ணு, குறிப்பாக நமக்கு. அடுத்த வருஷம் நம்மில் பலர் இந்த மாதிரி ஆப்களுக்குத்தான் கோட் எழுதப் போறோம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிச்சோமே, பாசிட்டிவ் ஃபீட்பேக்கைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் சிஸ்டம் நிலைகுலையும் என்று? இங்கே அந்த சிஸ்டம் ஒரு மனுஷன். யாரோ ஒருத்தரின் தம்பி, தங்கச்சி. அதனால டிசைன் ரிவ்யூவில், "யூசர் எவ்வளவு நேரம் இருப்பார்?" என்று மேனேஜர் கேட்கும்போது, "அவர் எந்த இடத்தில் நிறுத்துவார்?" என்று நீங்க ஒரு கேள்வி கேளுங்க. கேட்க ஒருத்தராவது வேணும் இல்லையா?