எல்லையில் விஷம், சிறையில் ஏழை

மணிப்பூரின் எல்லை ஊரான மோரேவில் தமிழர்களும் வாழ்கிறார்கள். 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்கள் அவை. பர்மா ஹெராயின் நம் நாட்டுக்குள் நுழையும் வழிகளில் அந்த ஊரும் ஒன்று. சரக்கு போகும் பாதையில் விலை மலிவு. வேலையற்ற வாலிபன் அதற்கு இரையாகிறான். ஒரே ஊசியைப் பலர் குத்திக்கொண்டதால், 1989-90ல் மணிப்பூரில் எச்.ஐ.வி. காட்டுத்தீபோல் பரவியது.

லாபம் யாருக்கு? 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. கூலிக்காரன் தலைச்சுமையாகக் கொண்டுவந்த சரக்கா அது? கப்பலும் கண்டெய்னரும் பிடிக்கப் பணமுள்ளவர்களின் வியாபாரம்!

பொட்டலத்தோடு அகப்படும் ஏழைக்கோ சிறை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டுச் சிகிச்சைக்குத் தானே முன்வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இதை எத்தனை தொழிலாளிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள்?

மாடம்பாக்கம், தாம்பரம் தோழர்களே! இரவு ஷிப்ட் அலுப்புக்கு மாத்திரை நீட்டுகிறவன் நண்பனல்ல. சிக்கிக்கொண்டவனை ஒதுக்காதீர்கள், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சங்கக் கூட்டங்களில் இச்சட்டப் பிரிவை விளக்குங்கள்.

அடிமைப்பட்டவனுக்கு வைத்தியம், வாலிபனுக்கு வேலை, பெருவியாபாரிக்குச் சிறை! இதுவே நம் கோரிக்கை.