காலி செய்வது எதை, யாரை?

1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. உடனே சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலடிக்கு ஓடினார்கள். அந்நாளில் இங்கிலீஷ் அறியாதவர்கள் செவியிலும் விழுந்த இங்கிலீஷ் வார்த்தை ‘இவாக்குவேஷன்’. அதற்குரிய வினைச்சொல் ‘இவாக்குவேட்’. அதன் சரித்திரம் சற்று விசித்திரமானது.

லத்தீன் பாஷையில் ‘வாக்குவஸ்’ என்றால் வெறுமையானது என்று அர்த்தம். வீட்டுக்காரர் குடித்தனக்காரரைச் செய்யச் சொல்லும் ‘வெகேட்’, நியாயாதிபதிகள் எதிர்பார்த்திருக்கும் ‘வெகேஷன்’, காற்றில்லாத ‘வாக்குவம்’ எல்லாம் இதன் சுற்றத்தாரே. முன்னால் ஓர் ‘இ’ சேர்ந்தால், உள்ளே இருப்பதை வெளியேற்றி வெறுமையாக்குதல். முதல் நூற்றாண்டில் ரோமாபுரி ஆசிரியர் பிளினி இச்சொல்லை வயிற்றைச் சுத்தி செய்வதற்கு உபயோகித்தார். இங்கிலீஷிலும் இது வெகுகாலம் வைத்தியர்களின் சொல்லாகவே இருந்தது. பேதி மருந்தின் வேலையைக் குறித்தது. கௌரவமான பிறப்பு என்று சொல்வதற்கில்லை!

பிறகு சேனாதிபதிகள் இதை எடுத்துக்கொண்டார்கள். வயிற்றுக்குப் பதிலாகக் கோட்டையும் பட்டணமும் காலியாயின. பிரிட்டிஷ் படை 1776 மார்ச் 17-ல் பாஸ்டனையும், 1783 நவம்பர் 25-ல் நியூயார்க்கையும் விட்டு வெளியேறிற்று. அமெரிக்கர்கள் அந்நாட்களுக்கு ‘இவாக்குவேஷன் தினம்’ என்றே பெயரிட்டுக் கொண்டாடினார்கள். பாஸ்டனில் இன்றும் அது விடுமுறை நாள். எதிரி பின்வாங்கியதைக் குறிக்கும் சொல், வென்றவனுடைய பண்டிகைக்குப் பெயராயிற்று.

இதுவரையில் காலியானது ஒரு பாத்திரம். வயிறானால் என்ன, ஊரானால் என்ன? 1939 செப்டம்பர் முதல் மூன்று தேதிகளில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நகரத்தையன்றிக் குழந்தைகளையே ‘இவாக்குவேட்’ செய்ததாகச் சொன்னார்கள். சேனைகளையும் காயம்பட்டவர்களையும் பற்றி இந்தப் பிரயோகம் முன்பே உண்டு. வீட்டுக்கு வீடு பரவியது அப்போதுதான். இலக்கணப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். குழந்தையை ‘இவாக்குவேட்’ செய்வதென்றால் விளக்கெண்ணெய் கொடுப்பதல்லவா என்பது அவர்கள் வாதம்.

பண்டிதர்களின் குறும்பை ஒதுக்கிவிட்டாலும், இந்த மாறுதலில் ஓர் ஆபத்து இருக்கத்தான் செய்தது. ஊரைக் காலி செய்கிறவன் தானே நடந்து போகிறான். காலி செய்யப்படுகிற மனிதனையோ வேறொருவர் கொண்டுபோகிறார். 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையோரத்திலிருந்த ஜப்பானிய வம்சத்தார் ஏறக்குறைய 1,20,000 பேர், வீட்டையும் கடையையும் விட்டு, முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இருவர் அமெரிக்கப் பிரஜைகள். சுவர்களில் ஒட்டிய சர்க்கார் அறிவிப்புகளில் இதற்கு என்ன பெயர்? ‘இவாக்குவேஷன்’தான். காவல் என்ற சொல்லுக்கு நியாயம் கேட்பார்கள். இந்தச் சொல்லோ ரட்சிப்பதுபோல் ஒலிக்கிறது. 1988-ல் அமெரிக்கா சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது.

தமிழில் வெளியேறுவது வேறு, வெளியேற்றுவது வேறு. ஓர் எழுத்தே உண்மையைச் சொல்லிவிடும். ஆயினும் வெள்ளத்தில் சிக்கிய ஜனங்களை ‘அப்புறப்படுத்தினார்கள்’ என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. குப்பைக்கும் அதே சொல்தான். ‘மேட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்’ என்று எழுதினால் காகிதம் போதாமல் போய்விடுமா?