பொறி பார்த்த கண்

மந்தைவெளியிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு எழுதியுள்ள மடல் சுருக்கமானது. அதில் அடங்கியுள்ள வினாவோ சுருக்கமானதன்று. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டுவரும் அவருடைய மாமியார், அண்மையில் ஒரு கண் முகாமுக்குச் சென்றிருக்கிறார். அங்கே விழியின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். மருத்துவர் எவரும் அருகில் இல்லை. சில நிமிடங்களில் கணிப்பொறி ஒரு சீட்டைத் தந்தது: விழித்திரையில் மாற்றம் தென்படுகிறது, கண் மருத்துவரைக் காண்க என்று. அம்மையாருக்கோ பார்வையில் குறை ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடி அணிந்து நாளிதழை முழுவதும் படிக்கிறார். ஆகவே சீட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “பொறியை நம்புவதா, அத்தையை நம்புவதா?” என்று கேட்கிறார் சகோதரி.

குடும்ப அமைதியைக் கருதி இதற்கு நாம் மழுப்பலாக விடை கூறலாகாது. ஒரு தாயின் பார்வையன்றோ இங்கே பேசப்படுகிறது! மேலும், நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் ‘தரவு அறிவியல்’, ‘இயந்திரக் கற்றல்’ என்று பயில்கிறார்கள். அது என்ன கல்வி என்று பெற்றோர் வினவினால், சம்பளத்தைப் பற்றிக் கூறுகிறார்களே ஒழியப் பொருளைக் கூறுவதில்லை. அக்கல்வி நம் வீட்டு வாசலுக்கே வந்து பயன் தந்த இடம் ஒன்று உண்டெனில், அது இந்த விழித்திரைப் படந்தான்.

முதலில் நோயைப் பற்றி. கண்ணின் பின்புறச் சுவரில் மெல்லிய திரை போல் அமைந்தது விழித்திரை. அதில் ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சர்க்கரை மெல்ல மெல்ல நலியச் செய்கிறது. குழாய்கள் சிறு கொப்புளங்களாகப் புடைக்கும்; சில இடங்களில் கசியும்; நோய் முற்றினால் புதிய, வலுவற்ற குழாய்கள் தோன்றி உடைந்து, கண்ணுக்குள் குருதி பெருகும். இவை நிகழும்போது வலி இராது. நெடுங்காலம் பார்வையும் குன்றாது. பார்வை மங்கிய பின் மருத்துவரை நாடுவோருக்கு இழந்ததைத் திரும்பப் பெறுவது அரிது. மந்தைவெளியிலும் மயிலையிலும் மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் கண்ணாடியை மாற்றிக்கொள்வோரும் பலர். ஆனால் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது வேறு, விழித்திரையைச் சோதிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே நம்மில் பலர் ஏமாறுகிறோம்.

சென்னை நகரிலேயே நீரிழிவாளர்களிடம் நடத்தப்பெற்று 2005-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, அவர்களுள் நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை நோய் இருந்ததாகக் கண்டது. அதைவிட நம்மைத் திடுக்கிடச் செய்வது மற்றோர் எண். தமக்குச் சர்க்கரை உண்டு என்பதையே அந்த ஆய்வின்போதுதான் அறிந்துகொண்டவர்களுள்ளும் நூற்றுக்கு ஐவருக்கு விழித்திரை ஏற்கெனவே பழுதுற்றிருந்தது! நாட்டிலோ, 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நீரிழிவாளர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். இத்தனை பேருடைய இரு கண்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதற்கு விழித்திரை மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பொறியைத் துணைக்கு அழைத்தது இந்தக் குறையினால்தான்.

பொறி எவ்வாறு கற்றது? மந்தைவெளிக் கடைத்தெருவில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் ஓர் இல்லத்தரசியை எண்ணிக்கொள்வோம். நல்ல காயின் ஓசை எப்படி இருக்கும் என்று கேட்டால் அவரால் இலக்கணம் எழுதித்தர இயலாது. மகளை உடன் அழைத்துச் சென்று, “இது நல்லது, இது முற்றவில்லை, இது அழுகல்” என்று நூறு காய்களைத் தட்டிக் காட்டினால், மகளுக்கு அது பிடிபட்டுவிடும். இயந்திரக் கற்றலும் இத்தகையதே. விதிகளை எழுதிக் கொடுப்பதில்லை. விடையோடு கூடிய எடுத்துக்காட்டுகளைக் கொடுக்கிறார்கள். பொறி ஒரு விடையை ஊகிக்கிறது; தவறினால் தன்னுள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிதே திருத்திக்கொண்டு அடுத்த படத்துக்குச் செல்கிறது. மகளுக்கு நூறு காய் போதும், பொறிக்குப் போதாது. கூகுள் நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்குக் காட்டப்பெற்ற விழித்திரைப் படங்கள் 1,28,175.

அப்படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து. மற்றொரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இடங்களிலிருந்து. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்தும், 1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய நேத்ராலயாவும் உலகப் பொறியொன்றுக்குப் பாடநூலாயின. பெயர் நீக்கப்பட்ட அப்படங்களுள் நம் அண்டை வீட்டாரின் கண்களும் இருந்திருக்கலாம்.

பாடநூலுக்கு விடை எழுதியவர்கள் அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் மருத்துவர்களும் மேனிலைப் பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேர். ஒவ்வொரு படமும் மூன்று முதல் ஏழு முறை வரை வெவ்வேறு கண்களால் பார்க்கப்பட்டது. ஏன் இத்தனை முறை? மருத்துவர்கள் தமக்குள் ஒத்துப்போவதில்லை என்பதே காரணம்! ஒரே படத்தை ஒருவர் இலேசான நோய் என்பார். மற்றவர் நடுத்தரம் என்பார். நாம் இதைக் குறையாகக் கூறவில்லை. ஆராய்ச்சி செய்வோர் இக்கருத்து வேற்றுமையை மறைக்காமல் எண்ணிக் கணக்கிட்டார்களே, அதுவே அவர்களை நம்புவதற்கு நமக்குக் கிடைக்கும் முதற் காரணம்.

கற்றுத் தேர்ந்த பொறியைப் பழைய படங்களில் சோதித்தால் போதாது. நேரில் வரும் நோயாளரிடம் சோதிக்க வேண்டும். 2016 மே முதல் 2017 ஏப்ரல் வரை மதுரை அரவிந்திலும் சென்னை நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் அச்சோதனை நடந்தது. முடிவு 2019-இல் வெளிவந்தது. நடுத்தரமும் அதற்கு மேற்பட்டதுமான நோய் உள்ளவர்களுள், நூற்றுக்கு 92 பேரைச் சென்னையிலும் 89 பேரைச் மதுரையிலும் பொறி கண்டுபிடித்தது. அதே படங்களைப் பார்த்துத் தரம் பிரித்த மனிதர்களோ, ஆளுக்கேற்றவாறு 73 முதல் 90 பேர் வரையே கண்டார்கள். பொறி மனிதரை வென்றது என்று முரசறைய இது போதாது. பயிற்சி பெற்ற மனிதருக்குக் குறைந்ததன்று என்று கூறப் போதும்.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். இதற்கு விடை நம் நகரிலேயே, கோபாலபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் மோகன் நீரிழிவு மருத்துவமனையார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அங்கே கைப்பேசியோடு இணைந்த கருவியால் 296 பேரின் விழித்திரையைப் படம் எடுத்து, வேறொரு பொறியிடம் காட்டினார்கள். நோயுள்ளவர்களுள் நூற்றுக்கு 95.8 பேரை அது தவறாமல் பிடித்தது. ஆனால் நோயற்றவர்களுள் நூற்றுக்கு 80.2 பேரையே நோயற்றவர் என்று சரியாகச் சொன்னது. எஞ்சியோரையும் வீணே அழைத்தது.

இவ்வெண்களை வைத்து நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பகுதிப் பங்குகளில் சர்க்கரை நோயாளர் 1,000 பேர் முகாமுக்கு வருவதாகக் கொள்வோம். முன்சொன்ன சென்னைக் கணக்குப்படி அவர்களுள் 176 பேருக்கு விழித்திரை நோய் இருக்கும். பொறி 169 பேரைப் பிடிக்கும். 7 பேரைத் தவற விடும். நோயில்லாத 824 பேருள் 163 பேருக்கும் ‘மருத்துவரைக் காண்க’ என்று சீட்டுத் தரும். ஆகச் சீட்டுப் பெறுவோர் 332 பேர். அவர்களுள் உண்மையில் நோயுள்ளோர் ஏறத்தாழப் பாதி.

மாமியார் இதைக் கேட்டால், “பார்த்தாயா, பாதிக்குப் பாதி பொய்!” என்று மகிழக்கூடும். அவசரம் வேண்டாம். சீட்டுப் பெறாத 668 பேரைப் பாருங்கள். அவர்களுள் நோயுள்ளோர் எழுவரே, அதாவது நூற்றுக்கு ஒருவர். சீட்டுப் பெற்றோருள்ளோ இருவருக்கு ஒருவர். சீட்டு ஒரு தீர்ப்பு அன்று. அது ஓர் அழைப்பு. வாயிற்காவலன் ஐயத்துக்குரியவரையெல்லாம் நிறுத்தி உள்ளே அனுப்புகிறான். குற்றம் உண்டா இல்லையா என்று கூறுவது அவன் வேலையன்று. இவ்வகைப் பொறியை அமைப்போர் வேண்டுமென்றேதான் அதைச் சற்று ஐயப்படுகிறவனாக அமைக்கிறார்கள். வீணாக ஒருமுறை மருத்துவரிடம் சென்றால் நட்டம் அரை நாள். செல்லவேண்டியவர் செல்லாவிடில் நட்டம் கண். எனவே சகோதரி அவர்களே, பொறியையும் நம்பவேண்டா, அத்தையையும் நம்பவேண்டா. அலமாரியைத் திறந்து சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பொறியின் திறமையைக் கண்டு மயங்குவோருக்கும் ஒரு சொல். இதே கூகுள் பொறியைத் தாய்லாந்து நாட்டில் 11 சிற்றூர், சிறுநகர் மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே நடந்ததை 2020-இல் எழுதி வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வல்லவனாயிருந்த பொறி, அங்கே முதல் ஆறு மாதங்களில் வந்த 1,838 படங்களுள் ஐந்தில் ஒரு பங்கைத் தரம் போதாது என்று தள்ளிவிட்டது. காரணம் என்ன? படம் எடுக்கும் அறையை இருட்டாக்க இடமில்லை. இணையத் தொடர்பு மெதுவாக வந்தது. செவிலியர் தம் கண்ணால் பார்த்தாலே தெளிவாகத் தெரிந்த படத்தையும் பொறி மறுத்தபோது, நோயாளரை இன்னொரு நாள் தொலைதூர மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறவேண்டியதாயிற்று. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் சோதனையே வேண்டாம் என்றார்கள். ஆராய்ச்சி வெற்றிகளைப் பற்றி நாளேடுகள் எழுதுவதில் பத்தில் ஒரு பங்கேனும், இத்தகைய சன்னல் திரைகளையும் பேருந்துக் கட்டணத்தையும் பற்றி எழுதினால் நலமாயிருக்கும் என்பது நம் கருத்து.

நம் நாட்டில் செய்தி சற்று மேலானது. 2019 சனவரி முதல் 2023 சூலை வரை 45 இடங்களில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் கண்களை அப்பொறி பார்த்தது. அவர்களுள் 4,537 பேரின் படங்களை மருத்துவர்கள் மறுபடி பார்த்துச் சரிபார்த்தார்கள்; கடும் நோயுள்ளவர்களுள் நூற்றுக்கு 97 பேரைப் பொறி தவறவிடவில்லை என்று 2025-இல் வெளியிட்டார்கள். கற்றபின்னும் ஆண்டுக்கணக்கில் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கும் மாணவனை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இடையே ஒரு வியப்பு. 2018-இல் அதே நிறுவனத்தார், விழித்திரைப் படத்தை மட்டும் கண்டு ஒருவர் ஆணா பெண்ணா என்றும், வயது என்ன என்றும் (சராசரியாக மூன்றேகால் ஆண்டுப் பிழையோடு) பொறி கூறிவிடுவதாக அறிவித்தார்கள். விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறுவது கண் மருத்துவர்களுக்கு இயலாத செயலாகவே இருந்தது. பொறி எதைக் கண்டு கூறுகிறது என்பதை அதை உருவாக்கியவர்களாலேயே முழுவதும் விளக்க இயலவில்லை. வியப்போடு சிறிது அச்சமும் இருக்கட்டும்.

நம் மக்களின் கண்களைக் கொண்டு கற்ற கலை நம் மக்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2024 அக்டோபரில் அந்நிறுவனம், இந்தியாவில் ஃபோரஸ் ஹெல்த், அரவிந்தைச் சார்ந்த ஆரோலேப் ஆகியவற்றுக்கும் தாய்லாந்தில் ஒரு நிறுவனத்துக்கும் இக்கலையைப் பயன்படுத்த உரிமம் அளித்தது. பத்தாண்டுகளில் 60 இலட்சம் சோதனைகள் நோயாளருக்குக் கட்டணமின்றி நடைபெறும் என்றும் கூறியது. கூறியபடி நடக்கிறதா என்று கணக்கு வைத்துக்கொள்வது, தரவு அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சியாகும்.

இறுதியாக, மருத்துவரிடம் செல்லும் குடும்பங்களுக்குச் சில செய்திகள். நோய் இருப்பதாகவே மருத்துவர் கூறினாலும் மனம் தளர வேண்டியதில்லை. தக்க காலத்தில் செய்யும் லேசர் சிகிச்சை, கடும் பார்வை இழப்பைப் பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைக்கும் என்பது 1976-லேயே அமெரிக்க ஆய்வொன்றில் நிலைநாட்டப்பட்டது. இப்போது கண்ணுக்குள் இடும் ஊசி மருந்துகளும் உண்டு. நோயில்லை என்றால், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் செல்க. சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனைத் தாள்களையும் முகாமில் தந்த சீட்டையும் உடன் கொண்டு செல்க. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் எழுத்துத் தெரியாது, வெயிலில் கண் கூசும். ஆகையால் முதியோரைத் தனியே அனுப்பாமல், மருமகளோ பேரனோ கைப்பிடித்து அழைத்துச் செல்லட்டும். திரும்பும்போது பேருந்தின் எண்ணைப் படிப்பதற்கும் ஒருவர் வேண்டும்.