அச்சத்துக்கும் வட்டார வழக்கு உண்டு

தமிழ்த் திரையரங்குகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக உலவுவது ஏறத்தாழ ஒரே பேய்தான். வஞ்சிக்கப்பட்டு இறந்த ஓர் உயிர், பாழடைந்த மாளிகை, அங்கே குடிபுகும் நகைச்சுவைப் பட்டாளம், இறுதியில் பழிதீர்ப்பு. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) ஆகியவை இந்த வாய்பாட்டைப் பெருவணிகமாக்கின. 'காஞ்சனா' ஒரு திருநங்கையின் துயரத்தைப் பெருந்திரள்முன் வைத்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் எல்லா ஊருக்கும் பொதுவாக்கப்பட்ட பேய், எந்த ஊருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது.

இதற்கு மாற்று, பல இயக்குநர்கள் கூடி எடுக்கும் சுயாதீனத் தொகுப்புப் படம் என்பது என் கருத்து. 'தி ஃபீல்ட் கைடு டு ஈவில்' (2018) நல்ல சான்று. ஆன்ட் டிம்ப்சனும் டிம் லீகும் தயாரித்த இப்படத்தில், எட்டு நாடுகளின் நாட்டார் கதைகள் எட்டுக் குறும்படங்களாயின. இந்தியப் பகுதியை அஷிம் அலுவாலியா கருப்பு வெள்ளையில் இயக்கினார். இதே தயாரிப்பாளர்கள் 2012இல் 26 எழுத்துகளுக்கு 26 குறும்படங்கள் என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்திருந்தனர். அதில் எழுத்து வெறும் சாக்கு. பிந்தையதில் மண்ணே பொருள். தொகுப்புகள் சீராக இருப்பதில்லை என்பது வழக்கமான குறை. அகராதியிலும் எல்லாச் சொற்களும் ஒரே எடையுடையன அல்லவே!

அச்சம் எவ்வளவு உள்ளூர்த்தன்மை கொண்டது என்பதற்குப் பெங்களூரே சாட்சி. 1990களில் இந்நகரின் பல வீட்டுக் கதவுகளில் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதிவைத்தனர். இரவில் உறவினர் குரலில் அழைக்கும் பேய், 'நாளை வா' என்பதைப் படித்துத் திரும்பிவிடுமாம். 'நாளை' என்பது படிக்கும் நாளைப் பொறுத்துப் பொருள் நகரும் சொல்; மறுநாள் படித்தாலும் அது மறுநாளையே சுட்டும். இலக்கணத்தால் கட்டப்பட்ட காப்பு இது! இதையொத்த கதவெழுத்து 'ஸ்திரீ' (2018) படத்தில் இந்தியாகிச் சந்தேரிக்குப் போயிற்று. ஆனால் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் பொம்மனஹள்ளித் தெருவில் அந்தப் பேய் எம்மொழியில் அழைக்கும்? கன்னட எழுத்தறியாத வீட்டார் எதை எழுதித் தப்புவர்? பதினைந்து நிமிடப் படத்துக்கு இதைவிட நல்ல கரு வேண்டுமா?

தமிழில் இத்தகைய தொகுப்புக்குச் சட்டகம் ஆயத்தமாகவே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறது. நான்கு இயக்குநர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். அணங்கு, மாளிகையை விட்டு மலைக்கும் நீர்த்துறைக்கும் திரும்பட்டும். விலங்கு, ஓசூர்ப் பக்கத்து இராகிக் கொல்லையில் யானைக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் உழவரின் கதை. கள்வர் இன்று காவல் அதிகாரியின் குரலில் கைப்பேசியில் அழைத்து, முதியவரின் சேமிப்பைத் துடைத்தெடுக்கின்றனர். இறை என்பதற்கு அரசன் என்றும் பொருள். 2020இல் சாத்தான்குளத்தில் நடந்ததை அறிந்தவர்க்கு அந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. நம் பேய்ப்படங்கள் இந்நான்கில் முதலாவதை மட்டுமே, அதையும் தேய்ந்த வடிவில், திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கின்றன.

பணம் எங்கே என்பீர்கள். 'நாளைய இயக்குநர்' குறும்படங்களிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா'வை (2012) எடுத்தார். 2015இல் 'பெஞ்ச் டாக்கீஸ்' குறும்படத் தொகுப்பைத் திரையரங்குக்கே கொண்டுவந்தார். கன்னடத்தில் ரிஷப் ஷெட்டி தயாரித்த 'கதா சங்கமா' (2019) ஏழு இயக்குநர்களை ஒரே படத்தில் சேர்த்தது. வழி புதிதன்று, அவ்வழியில் அச்சம் மட்டுமே இன்னும் முறையாக நடக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன்: ஒவ்வொரு பேயும் தன் ஊர் வழக்கிலேயே பேச வேண்டும். கொள்ளிவாய்ப் பிசாசு, காட்டேரி, மோகினி, முனி என்று நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சொல்வார் இல்லாதபோது சொல் சாகிறது. அதனோடு, அந்தச் சொல்லால் ஓர் ஊர் தன் குளத்தையும் புளியமரத்தையும் நினைவில் வைத்திருந்த முறையும் சாகிறது.

உங்கள் ஊரில் பிள்ளைகளை எதன் பெயர் சொல்லி அச்சுறுத்தினார்கள்? பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.