பிறவியும் பிரயாசையும்

சில நாட்களுக்கு முன் திருமுருகன்பூண்டியில் ஒரு தேநீர்க் கடையில் நாம் இருந்தபோது, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் தோழர் ஒருவர் சர்க்கரையைத் தூக்கலாகப் போடச் சொல்லித் தேநீர் குடித்துக் கொண்டிருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். “சர்க்கரை வியாதி எல்லையில் நிற்கிறது, தினம் நட என்று டாக்டர் சொன்னாரே, நடக்கிறாயா?” என்று கூட வந்தவர் கேட்டார். அதற்கு அவர், “நடந்து என்னங்க ஆகப்போகுது? எங்கய்யனுக்கும் இருந்துச்சு, அப்பாருக்கும் இருந்துச்சு. பொறப்புல எழுதி வெச்சதை நடந்தா அழிக்க முடியுமுங்க?” என்று சொல்லி விட்டு இன்னொரு வடையை எடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் நாம் எழுத வேண்டிய அவசியமில்லை. ஆனால் பக்கத்தில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்த படித்தவர் ஒருவர் குறுக்கிட்டு, “அவர் சொல்வது சரிதான். வெள்ளைக்காரனே எலிகளை வைத்துச் சோதித்து, ஓடும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது என்று கண்டுவிட்டான். இன்ன ஜாதிக்கு இன்ன தொழில் என்று நம் பெரியவர்கள் வைத்ததும் இதைத் தெரிந்துதான்” என்றார். தலையெழுத்துக்காரர் ஒருவரும் வருணாசிரமக்காரர் ஒருவரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக் கொள்வதைப் பார்த்த பிறகு, இந்த எலிச் சங்கதியைச் சற்று விவரமாகவே வாசகர்களுக்குச் சொல்லி விடுவது நல்லது என்று கருதுகின்றோம்.

பிறவியில் ஒன்றுமே கிடையாது என்று நாம் வாதாடப் போவதில்லை. நமக்கு வேண்டிய முடிவு என்பதற்காக ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதும், வேண்டாத முடிவு என்பதற்காக ஒன்றை மறைப்பதும் புராணக்காரர் வேலையே தவிர பகுத்தறிவுக்காரர் வேலையல்ல. மூச்சிரைக்க நெடுநேரம் உழைக்கும் சக்தியில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் “ஹெரிடேஜ்” என்ற பெயரில் குடும்பங்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதில் 98 குடும்பங்களைச் சேர்ந்த, தேகப்பயிற்சி வழக்கமில்லாத 481 பேருக்கு 20 வாரம் ஒரே விதமான சைக்கிள் பயிற்சி கொடுத்து, அதன் முடிவை 1999-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் உடம்பு உபயோகிக்கக் கூடிய பிராணவாயு சராசரி 400 மில்லி லிட்டர் அளவு கூடிற்று. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. சிலருக்கோ ஒரு லிட்டருக்கு மேல் கூடிற்று. இந்த ஏற்றத்தாழ்வில் சுமார் பாதி வரை, அதாவது அதிகபட்சம் 47 சதவீதம், குடும்பவாரியாக அமைந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரே வீட்டில் வளர்வதனால் வரும் பழக்கமும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். அது எப்படியானாலும், ஆரம்பத்தில் யாருக்குச் சக்தி குறைவோ அவர்தான் பயிற்சியிலும் பின்தங்குவார் என்பது அங்கே காணப்படவில்லை. தொடக்கம் ஒரு சங்கதி, பாடுபட்டால் எவ்வளவு கூடும் என்பது வேறொரு சங்கதி.

இனி எலிக்கு வருவோம். அமெரிக்காவில் கோக், பிரிட்டன் என்ற இரு விஞ்ஞானிகள் 1996-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒரே கலப்புக் கூட்டத்திலிருந்து எலிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓட விட்டு அளந்து, நன்றாக ஓடுகிறவைகளை நன்றாக ஓடுகிறவைகளோடும், ஓட மாட்டாதவைகளை ஓட மாட்டாதவைகளோடும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட வைத்தார்கள். பதினோரு தலைமுறையில் இரு வகைக்கும் ஓட்டத்தில் பல மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. ஓட மாட்டாத வகைக்கு இரத்த அழுத்தம், கொழுப்பு முதலிய கோளாறுகள் தாமாகவே சேர்ந்து வந்தன. ஆயுளும் குறைந்தது. இதுவரை நம் படித்த நண்பர் சொன்னது மெய்தான். ஆனால் அவர் பாதிக் கதையோடு பத்திரிகையை மடித்து வைத்து விட்டார்.

மீதிக் கதைக்கு முன், மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த மாதிரியில் சொல்லி விடுகின்றோம். பனியன் கம்பெனியின் கட்டிங் அறையில் சுவரிலே பேட்டர்ன் அட்டைகள் வரிசையாகத் தொங்கும். குழந்தைச் சட்டைக்கும் பெரியவர் பனியனுக்கும் எல்லாவற்றுக்கும் அட்டை உண்டு. ஆனாலும் எந்த ஆர்டர் வந்திருக்கிறதோ அந்த அட்டையைத்தான் கட்டிங் மாஸ்டர் இறக்குவார். ஆர்டர் பெரிதானால் அதை வைத்துப் பல நூறு துணி வெட்டுவார். ஆர்டர் இல்லாத அட்டை தூசி படிந்து கிடக்கும். நம் உடம்பின் ஒவ்வொரு கண்ணறையிலும் தாய் தகப்பன் கொடுத்த முழு வரிசை அட்டையும் இருக்கிறது. தசையில் எந்த மரபணு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பது தசைக்கு வருகிற ஆர்டரைப் பொறுத்தது. அந்த ஆர்டர் பெரும்பாலும் உழைப்பு.

இந்த வாசிப்பை அளந்து பார்த்த ஆராய்ச்சி 2008-ல் வெளி வந்தது. நார்வே தேசத்து டிரோண்ட்ஹைம் நகர விஞ்ஞானிகளும் மேற்படி எலிக்காரர்களும் சேர்ந்து, இருவகை எலிகளின் கெண்டைக்கால் சதை ஒன்றை எடுத்து, அதில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வாசிப்பை ஒப்பிட்டார்கள். பயிற்சி இல்லாமல் சும்மா இருந்த எலிகளிலேயே உயர்ந்த வகை, தாழ்ந்த வகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடக் கூடியது. ஆகவே சதைக்குள்ளும் ஆகாயத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? அவர்கள் உறுதியாகக் கண்ட வித்தியாசம் மூன்றே மூன்று! இத்தனை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பிரித்த பின்னும், சோம்பியிருக்கும் சதையில் வாசிப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பயிற்சி கொடுத்த பிறகுதான் பேதம் தெரிந்தது. உயர்ந்த வகையில் கொழுப்பைப் பயன்படுத்துவது சம்பந்தமான பல மரபணுக்களின் வாசிப்பு ஏறிற்று; தாழ்ந்த வகையில் ஒன்றுதான் ஏறிற்று.

இதிலிருந்து இரண்டு தரப்புக்காரரும் கொஞ்சம் இறங்கி வர வேண்டியதாகிறது. “யாராயிருந்தாலும் ஆறு மாதத்தில் பயில்வான் ஆக்குகிறேன்” என்று போர்டு போட்டுப் பணம் வாங்குகிறவர், ஒரே பயிற்சி எல்லாருக்கும் ஒரே பலன் தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “எல்லாம் பிறவி” என்கிறவரோ, அந்தப் பிறவியின் குணங்கூட இந்தச் சதையில் பாடுபட்ட பிறகே இவ்வளவாக வெளிப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது எலியின் ஒரு தசையில் கண்ட முடிவு என்பதையும் மறக்கக் கூடாது.

ஜாதிக்கு வருவோம். எலி விஷயத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஓட விட்டு அளந்தார்கள். நம் ஜாதியில் எந்தக் காலத்தில், எந்தக் கலியாணத்தில், மாப்பிள்ளையை ஓட விட்டு மூச்சை அளந்து பெண் கொடுத்தார்கள் என்று கேட்கின்றோம். ஜாதகம் பார்த்தார்கள், நிலம் பார்த்தார்கள், நகை பார்த்தார்கள். சுவாசத்தை யார் பார்த்தார்கள்? அளக்காமல் பிரித்து வைத்த கூட்டத்துக்கு அளந்து பிரித்த எலியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்ன யோக்கியதை? அப்பன் தொழிலைப் பிள்ளைக்கு வைக்கும் குலக்கல்வித் திட்டம் 1953-ல் வந்து 1954-ல் ஒழிந்தது. அந்தப் புத்தி மட்டும் தேநீர்க் கடைப் பெஞ்சியில் விஞ்ஞான வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

குலத்தொழில் உடம்பில் ஊறியது என்பதற்கு நம் பூண்டியையே உதாரணம் காட்டுவோர் உண்டு. இங்கே சிற்பக் கூடங்கள் அதிகம். கல் கொத்துகிறவர் மகனுக்குக் கல் கொத்துகிற கை என்பார்கள். நல்லது. அந்தத் தோழர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். சுத்தியல் பிடிக்கும் வலது கையின் சதையும் உளி பிடிக்கும் இடது கையின் சதையும் ஒன்றாகவா இருக்கின்றன? இரண்டு கையும் ஒரே தகப்பன் கொடுத்ததுதானே! தகப்பன் இரண்டுக்கும் ஒரே அட்டையைக் கொடுத்தான், சுத்தியல் ஒன்றுக்குத்தான் பெரிய ஆர்டர் கொடுத்தது.

நாம் கண்ணால் பார்த்துச் சொல்வதை ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தார் அளந்தே காட்டினார்கள். 2014-ல் வெளி வந்த அந்த ஆராய்ச்சியில் 23 பேர் மூன்று மாதம், வாரம் நான்கு முறை, முறைக்கு 45 நிமிஷம், ஒரே ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. முடிவில் பயிற்சி பெற்ற காலின் தசையில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வாசிப்பு மாறியிருந்தது. மரபணுக்களின் மேல் ஒட்டியிருந்து வாசிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் ரசாயன அடையாளங்களும் அந்தக் காலில் பல இடங்களில் மாறியிருந்தன. ஒரே மனிதன், ஒரே பிறவி, ஒரே சாப்பாடு, ஒரே ஜாதகம், கால் மட்டும் இரண்டு விதம்.

ஒரு நாள் வேலைக்கு உள்ள மதிப்பையும் சொல்லி விடுகின்றோம். நன்றாக உழைத்த சில மணி நேரத்துக்குள் தசையில் பல மரபணுக்களின் வாசிப்பு ஏறி, பெரும்பாலும் மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கி விடுகிறது. திரும்பத் திரும்ப ஏற்றினால்தான் சதையில் சரக்கு சேரும். நம் பக்கத்து ஜனங்கள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறார்கள். நடப்பது நல்லதுதான், நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மூன்று நாள் நடந்து விட்டு 362 நாள் உட்கார்ந்திருந்தால், முருகன் கணக்கில் அது நிற்குமோ என்னவோ, தசையின் கணக்கில் நிற்காது.

இனி, வடை எடுத்த நம் தோழருக்கு. அவரைப் போன்றவர்களை வைத்தே சென்னையில் டாக்டர் ராமச்சந்திரனும் அவர் கூட்டத்தாரும் ஒரு சோதனை நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதியின் எல்லையில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சாதாரண புத்திமதி மட்டும் சொன்னார்கள். ஒரு பகுதிக்குச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினம் அரை மணியாவது நடக்கச் சொன்னார்கள். மற்றப் பகுதிகளுக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே சரீரப் பாடுபடுகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் அப்படியே செய்யுங்கள் என்றார்கள். மூன்று வருஷத்தில் புத்திமதிக்காரரில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடந்து, உணவை ஒழுங்குபடுத்தியவர்களில் 39 பேருக்கு வந்தது. அந்த 39 பேரை நாம் மறைக்கவில்லை. பிறவியின் பங்கும், இன்னும் எத்தனையோ காரணங்களும் அதில் இருக்கலாம். ஆனால் நடுவில் தப்பிய 16 பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் அதே எல்லைக் கோடுதான் போட்டிருந்தது. நம் தோழர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, அவர் ஐயனைக் கேட்டாலும் தெரியாது.

இதையெல்லாம் அவரிடம் நாம் சொன்னோம். பொறுமையாகவே கேட்டார். கேட்டு விட்டு, “சரிங்க, ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்கு வெளிய வாரேன். காலைல எட்டரைக்கு மறுபடி மிஷின்ல உக்காரோணும். பீஸ் ரேட்டு. நடுவுல அரை மணி எந்திரிச்சு நடந்தா அந்தக் காசை யாருங்க குடுப்பா?” என்றார்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. படித்த நண்பரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதனை நாற்காலியில் உட்கார வைத்து விட்டு, விடியற்காலையில் தாங்கள் மட்டும் காரிலே போய் இறங்கி மைதானத்தைச் சுற்றி நடக்கிற கம்பெனி முதலாளிமார்கள் இருக்கிறார்கள். வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், அரை மணி நேரம் நடக்க விட அவர்களுக்கு என்ன தடை இருக்கிறது என்பதை அவர்களே இந்தப் பத்திரிகைக்கு எழுதித் தெரிவிக்கலாம். வந்த பதிலை ஒரு எழுத்துக் குறையாமல் வெளியிடத் தயாராக இருக்கின்றோம்.