பழைய சொகுசுக் கார்: வாங்கும் விலையும் அடக்க விலையும்



ஒரு லோடு துவரம் பருப்பு வாங்குவதென்றால் நாம் மூட்டை விலையை மட்டும் பார்ப்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, எடைக் குறைவு, கழிவு, பணம் முடங்கும் நாட்களுக்கு வட்டி எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகே முடிவு சொல்கிறோம். அப்படிப்பட்ட நாமே பழைய சொகுசுக் கார் வாங்கும்போது மட்டும் மூட்டை விலையோடு நின்று விடுகிறோம்.

ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் தொழில் நகரங்களான பிறகு வாலாஜாபாத் வட்டாரத்தில் நில விலை ஏறியது, பணம் புழங்கியது. புதிதாக 40, 50 லட்சத்துக்கு விற்ற பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி கார்கள் பத்து வருடம் ஓடிய பின் ஒரு புது மாருதி விலைக்கே கிடைக்கின்றன. அதிலும் இரண்டு கதவு கூபே என்றால் நம் இளைஞர்களுக்குத் தனி மோகம். "மளிகைக் கடைக்காரன் பென்ஸில் போகக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். உழைத்துச் சம்பாதித்தவர் நல்ல வண்டியில் போவதை யார் குறை சொல்வது? கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

வண்டியின் விலை வயதுக்கேற்ப இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் அது ஐம்பது லட்ச ரூபாய் வண்டிதான். பாகமும் கூலியும் அந்த ஐம்பது லட்சத்துக்கு ஏற்றபடியே இருக்கும்.

எங்கெங்கே செலவு வரும்? பென்ஸின் பெரிய மாடல்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை இருக்கிறது. வருடங்கள் ஆக ஆக ரப்பர் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கருகிப் போகும். கம்பெனி ஒர்க்ஷாப்பில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் லட்சத்தை ஒட்டிய பில் வந்தால் வியப்பதற்கில்லை. பி.எம்.டபிள்யூ.வில் 2007 முதல் சில ஆண்டுகள் வந்த என்47 என்ற டீசல் என்ஜினின் டைமிங் செயின் உலகெங்கும் புகாருக்கு உள்ளானது. அந்தச் செயின் என்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் என்ஜினே போயிற்று. ஆடி கார்களில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை இயக்கும் மெகாட்ரானிக் என்ற பகுதி பழுதானால் செலவு லட்சங்களில்தான் பேசப்படும்.

இவை தவிர ஆயில் கேஸ்கட் கசிவு, வெப்பத்தில் விரிசல் விடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள், மின்சார வாட்டர் பம்ப் ஆகியவை பத்து வயது வண்டிகளில் சாதாரணம். பல மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றுப் போனாலும் ஓடும் டயர் என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் சாலைப் பள்ளங்களில் அதன் பக்கவாட்டில் வீக்கம் கண்டால், ஒரு டயருக்கே இருபதாயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க நேரும். பேட்டரி மாற்றினால்கூட அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டிய மாடல்கள் உண்டு.

கூபேயில் கூடுதல் தொல்லைகள் உண்டு. கதவு நீளமும் கனமும் அதிகம், கீல் தொய்யும். கண்ணாடிக்குச் சட்டம் இல்லாததால் ரப்பர் தேய்ந்தால் மழைநீர் உள்ளே வரும். இந்த வண்டிகள் பெரும்பாலும் முழுமையாகக் கட்டிய நிலையில் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கதவுக் கண்ணாடி உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இயங்குகிறதே, பாகம் பக்கத்திலேயே கிடைக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் பாகம் மலிவாகி விடாது. கரும்பாலைப் பக்கத்துக் கடையில் சர்க்கரை இனாமாகக் கிடைப்பதில்லை.

வரி விஷயத்தையும் கவனியுங்கள். 13 பேருக்கு மேற்படாத பயணிகள் வாகனத்துக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை நம்மைப் போன்ற வணிகர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. அதன் இன்சூரன்ஸ், பழுதுபார்ப்புக்கும் அதே விதிதான். ஒர்க்ஷாப் பில்லில் உள்ள 18 சதவீதம் முழுவதும் நம் தலையில்தான். "தேய்மானம் காட்டிக்கொள்ளலாம்" என்று ஆறுதல் தேடுவோரும் உண்டு. நூறு ரூபாய் தேய்மானம் காட்டினால் குறைவது அதற்குரிய வரி மட்டுமே. நூறு ரூபாய் திரும்பி வருவதில்லை.

மிக மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அத்தகைய வண்டி கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வரலாம். வயரிங்கில் புகுந்த ஈரம் மாதங்கள் கழித்தே வேலையைக் காட்டும்.

இதை நம் சொந்த விவகாரம் என்று விட்டுவிட முடியாது. மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது கண்கூடு. வாராவாரம் தவறாமல் கணக்குத் தீர்த்து வந்த கடைக்காரர் திடீரென்று "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். விசாரித்தால் வண்டி சென்னையில் ஒர்க்ஷாப்பில் நிற்கிறது. பில் கட்டினால்தான் வெளியே வரும். கடையில் எண்ணெய் டின் இருக்க வேண்டிய இடம் காலி. சரக்கில்லாத கடைக்கு வந்த வாடிக்கையாளர் அடுத்த முறை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். போனவரைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். சிறு கடையின் உயிர் அதன் சுழல் முதல். அதை எடுத்துக் கியர்பாக்ஸில் போட்டால் யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். சரக்கு ஏற்றும் டாட்டா ஏஸ் பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார். அது நமக்காக உழைக்கிறது. பழைய சொகுசுக் காருக்காக நாம் உழைக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்போர் இவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை அழைத்துப்போய் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ஆயிரங்களில் முடியும் செலவு லட்சங்களைக் காக்கும்.

2. என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தும், தரை விரிப்பைத் தூக்கியும் சேறு, துரு உண்டா என்று சோதியுங்கள்.

4. சர்வீஸ் விவரம், இன்சூரன்ஸ் கிளைம், வங்கிக் கடன் நீக்கம் ஆகியவற்றை ஆவணத்தில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெளிமாநில வண்டியானால் தடையில்லாச் சான்றும், இங்கு கட்ட வேண்டிய சாலை வரியும் கணக்கில் சேரட்டும்.

5. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அது கடை முதலிலிருந்து வரக்கூடாது. லாபத்தில் மிச்சம் பிடித்ததாக இருக்க வேண்டும்.

இந்த ஐந்தாவது நிபந்தனை கைகூடாதவருக்கு அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம் என்பதே நமது கருத்து. ஊரில் நமக்குள்ள மதிப்பு வாசலில் நிற்கும் வண்டியால் வந்ததல்ல. கடையில் சரக்கு இருப்பதாலும், சொன்ன தேதியில் பணம் கொடுப்பதாலும் வந்தது. இந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிறகு எந்த வண்டியில் வேண்டுமானாலும் போவோம்.